மை வராத வருசம்

அட்டனில் பஸ் பழுதாகி நின்ற
ஒரு மணி நேரத்தில் வாங்கினேன்.
முந்நூற்றைம்பது ரூபாய்.
கண்ணாடிக் குழல், எவர்சில்வர் நிப்பு.
மூடியில் இருப்பது எந்த நாட்டு எழுத்தென்று
கடைக்காரருக்கே தெரியவில்லை.
"எழுதும் தங்கச்சி" என்றார்.
அவ்வளவுதான் உத்தரவாதம்.

எழுதியது.

தலவாக்கலையில், நளீம் முதலாளியின் பார்மசியில்,
மாத்திரை உறைகளின் மேல்
காலை 1, இரவு 1, சாப்பாட்டுக்குப் பின்.
பழுப்புத்தாள் மையை உறிஞ்சும்.
மூடுபனி கடைக்குள் ஏறி வரும் பின்னேரங்களில்
ஒன்றுக்கு மெல்ல மூக்கு முளைக்கும்;
ஏழென்று நினைத்துக்கொண்டு நிற்கும்.
"ஏழு குளிசையை விழுங்கிட்டு வந்தா
நீயா பதில் சொல்லுவ?"
அன்றிலிருந்து உறைகளுக்கு போல்பொயின்ட்.
மற்றதெல்லாம் இதற்கு.

மற்றதெல்லாம் என்றால் வீட்டுக் கணக்குக் கொப்பி.
அரிசி, மண்ணெண்ணெய், அம்மாவின் சீட்டுக்காசு,
தம்பியின் டியூசன், மறுபடி அரிசி.
குளிரில் முதல் எழுத்து வராது.
பிளேன்டீ கிளாசில் சாய்த்து வைப்பேன்.
கழுத்தருகே லேசாக வியர்க்கும்,
பிறகு ஓடத் தொடங்கும்.

ஒருநாள் சந்தமாலி கேட்டு வாங்கி
தன் பெயரை எழுதிப் பார்த்தாள்.
வட்டம் வட்டமான அந்த எழுத்துக்கு
என் நிப்பு அப்படி வளைந்து கொடுத்தது
எனக்குப் பொறுக்கவில்லை.
கஸ்டமர் வந்த சாக்கில்
மூடிகூடப் போடாமல் திருப்பி வாங்கிவிட்டேன்.

கப்பல் வராத அந்த வருசம்
கேஸ் இல்லை, பால்மா இல்லை, டீசல் இல்லை.
பத்து பெனடோல் கேட்டவர்களுக்கு
நாலு எண்ணிக் கொடுத்தோம்.
மை இல்லையென்று யாரிடம் போய்ச் சொல்வது?
வரிசையில் நின்று கேட்கிற சாமானா அது?
போத்தலின் அடியில் ஒரு நகத்தளவு.
ஊசி மருந்து கரைக்கும் தண்ணீர்க் குப்பியொன்றைக்
காசு வைத்துத்தான் எடுத்தேன்.
சொட்டு.
இன்னொரு சொட்டு.

இப்போது அந்தக் கொப்பியைத் திறந்தால்
சித்திரை வரை கருநீலம்.
வைகாசியில்
பல தரம் துவைத்த பள்ளிக்கூடக் காற்சட்டையின் நீலம்.
ஆடியில், எழுத்தா தாளின் நரம்பா என்று
ஜன்னலுக்குச் சாய்த்துத்தான் பார்க்கவேண்டும்:

தோடு, அடகு
பால்மா 1
சத்தியசீலன், பாஸ்போட்

கத்தார் போகிறானென்று
அவன் யாருக்கும் சொல்லியிருக்கவில்லை.
படிவத்தை முழங்காலில் வைத்துக்கொண்டு
"அக்கா, பேனாவக் குடு" என்றான்.
அப்படித்தான் தெரியவந்தது.
ஒப்பம் வைக்கும் இடத்தில்
கட்டையில் ஆணி இறக்குவதுபோல் அழுத்தினான்.
நிப்பின் ஒரு கால் விலகியது.
அத்தனை தண்ணீர் கலந்தும்
பெயரின் வாலில் மிளகளவு ஒரு பொட்டு,
கறுத்து.

ஒப்பம் கெட்டுவிட்டதென்று
கந்தோரில் அதை எடுக்கவில்லை.
வேறு படிவம், வேறு பேனா, போய்விட்டான்.
பழைய படிவம் கொப்பிக்குள் இருக்கிறது,
ஆடிக்கும் ஆவணிக்கும் நடுவில்.

மை இப்போது கிடைக்கிறது. விலையைக் கேட்காதீர்கள்.
போன கிழமை போனில் சொன்னான்,
இங்கே தங்க நிப்புப் பேனாவெல்லாம் இருக்குக்கா,
வரும்போது ஒன்று எடுத்து வரவா என்று.
மை மட்டும் கொண்டு வா என்றேன்.
நீலம். கறுப்பு வேண்டாம்.

விலகிய காலை நகத்தால் நெருக்கியிருக்கிறேன்.
முழுதாகச் சேரவில்லை.
மற்ற எழுத்துக்கெல்லாம் பரவாயில்லை,
'ச' திரும்பும் மூலையில் மட்டும்
தாளைப் பிறாண்டிக்கொண்டு நிற்கும்.
நானும் ஒரு கணம் நின்று எழுதுவேன்:
சீனி, சவர்க்காரம்,
சத்தியசீலன் அனுப்பியது.