மூன்றுக்கு நாலு

பீச் ரோடு ராணுவச் சாமான் கடையில்
சீலன் இரண்டு கையையும் விரித்து நின்றான்.
"இவ்வளவு நான்."
என்னையும் விரிக்கச் சொன்னான்.
விரல்நுனியில் விரல்நுனி தொட,
இருவரும் சேர்ந்து மூன்று மீட்டர் முப்பத்து நாலு.
கடைச் சந்து அடைபட்டது.
பூட்ஸ் வாங்க வந்த தேசிய சேவைப் பையன்
குனிந்து எங்களுக்குக் கீழே போனான்.

"ஒன்றா, இரண்டா?" என்றார் கடைக்கார அங்கிள்.
தார்ப்பாலினைத்தான் கேட்கிறார்.

ஒற்றை ஆளுக்கு அறுகோணம் போதும்,
மடித்தால் சட்டைப் பைக்குள் போகும்.
பக்கத்தில் பக்கத்தில் இரண்டு ஹேமக் என்றால்
செவ்வகம். மூன்றுக்கு நாலு.
இரண்டு சின்னது வாங்கினால்
அவரவர் கூரை அவரவருக்கு, ஆனால்
நடுவில் ஒரு முழம் மழைக்குச் சொந்தம்.
அந்த முழத்தில்தான் செருப்பை விடுவீர்கள்,
என்றார்.

நைலான் இலேசு, நனைந்தால் தொய்யும்.
பாலியெஸ்டர் கனம், தொய்யாது.
சீலன் எடையைப் பார்த்தான், தூக்குகிறவன்.
நான் தொய்வைப் பார்த்தேன், விழித்துக்கொள்கிறவள்.
பச்சை தீர்ந்துபோயிருந்தது.
ஆரஞ்சு வேண்டாம் என்றேன், விபத்து நடந்த இடம் மாதிரி.
மிச்சமிருந்தது சாம்பல், கிட்டத்தட்ட வெள்ளை.
நூற்று இருபத்தெட்டு வெள்ளி.
எட்டு வெள்ளி குறைத்து
நாலு முளைக்குச்சி சும்மா தந்தார்.

அன்றிரவே எங்கள் புளோக் கீழ்த்தளத்தில்
தூணுக்கும் தூணுக்கும் கயிறு இழுத்து
ஒத்திகை.
கீழே சிமெண்டுத் தரையில்
மாஸ்கிங் டேப்பால் இரண்டு கோடு ஒட்டி,
ஆளுக்கொரு கோட்டின்மேல்
மல்லாந்து படுத்து
ஓரம் எங்கே விழுகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தோம்.

கோழிச்சோற்றுப் பொட்டலத்தோடு
மின்தூக்கிக்குப் போன நான்காம் மாடி அல்லியக்கா
நின்றுவிட்டார்.
பொட்டலம் முதுகுக்குப் பின்னால் போனது.
"எந்த வீடு? எத்தனை மணிக்கு எடுக்கிறாங்க?"

இங்கே துணி கட்டினால்
ஒன்று கல்யாணம், இல்லையென்றால் மற்றது.
"யாருமில்லைக்கா, நாங்கதான்," என்றேன்,
படுத்தபடியே.
சொன்னபிறகுதான் அது எப்படிக் கேட்கும் என்று தெரிந்தது.
சீலன் சிரித்த சிரிப்பில்
தரையில் ஒட்டிய டேப் பிய்ந்து வந்தது.

உபின் தீவில் ரஹ்மாட் வீட்டுப் பின்புறம்
மூன்றே ரம்புத்தான் மரம்.
இரண்டு ஹேமக்குக்கு நாலு முனை.
ஒரு மரம் பொது என்றானது.
அந்த மரத்தில் தலைகள் சேர்வதா, கால்கள் சேர்வதா
என்று படகில் ஏறியதிலிருந்து வாதம்.
அவன் குறட்டை. என் உதை.
பதினொரு வருடக் கட்டிலில்
யாரும் கேட்காமலே நடந்துகொண்டிருந்த விஷயம்.
கால்கள் என்று முடித்தோம்.

அதிகாலை நாலரைக்குச் சுமத்ராக் காற்று.
முதலில் தவளைகள் நிறுத்தின.
பிறகு மழை, மேலிருந்து அல்ல, பக்கத்திலிருந்து.
நடுக்கூரையின் கீழ் நாலு பாதங்களும்
சொகுசாகக் காய்ந்திருக்க
விலகிப் படுத்த இரண்டு தலைகளும்
சரியாக ஓரத்தில்.
அங்கிள் இதைச் சொல்லவில்லை.
நாங்கள் கேட்கவுமில்லை.

சீலன் இறங்கினான், உள்ளாடையோடு, நெற்றியில் விளக்கோடு.
"நீ படு, நான் கட்டறேன்."
அவன் பக்கக் கயிற்றை அவிழ்த்து
முளைக்குச்சியைத் தேடி இருட்டில் குனிந்த நேரம்
தார்ப்பாலின் அங்கே தளர்ந்து ஆடியது.
நான் படுத்தபடியே கையை நீட்டி
என் பக்கம் இழுத்தேன்.
ஒரு சாண்.
இழுத்து முடிச்சும் போட்டேன்.
இரண்டு முடிச்சு.

விடிந்தபோது என் தலையணை காய்ந்திருந்தது.
அவனுடையதை அவன்
பிழிந்துகொண்டிருந்தான்.
"பாலியெஸ்டர் நல்லதுதான். தொய்யவே இல்லை, பாரு."
"அடுத்த தடவை தலையைச் சேர்த்துப்போம்," என்றேன்.
"குறட்டை?"
"பரவாயில்லை."

மூன்றுக்கு நாலை ஒருவரால் மடிக்க முடியாது.
மூலைகளைப் பிடித்துக்கொண்டு
எதிரெதிராக நடந்து வந்து
கையில் கை கொடுத்து, திரும்பிப் போய்,
மறுபடி வந்து.
அதற்கு முன்னால்
என் பக்கக் கயிற்றுக்கு அவன்தான் போனான்.
அவன் போடாத முடிச்சு.
கொஞ்ச நேரம் குனிந்தே நின்றான்.
நகத்தால் நெம்பி
முதலாவதை அவிழ்த்தான், பிறகு
இரண்டாவதை.

"எட்டரைப் படகுக்கு ஆள் சேர்ந்துடும்," என்றான்.