துரோக வாசல்

பெரிய வாசலுக்குப் பெயர் புனித யோவான்.
இரும்புக் குமிழ் அறைந்த இரட்டைக் கதவு.
திறக்க நான்கு ஆள் வேண்டும்,
காற்றடித்தால் மூட ஆறு.
நிலைக்கு மேலே அரசனின் கல் கேடயம்;
அதில் குருவி கூடு கட்டியிருக்கிறது.

கிழக்குச் சுவரில் அத்திமரத்துக்குப் பின்னால் இன்னொன்று.
அங்கே போர்ச்சுகல் முடிகிறது,
ஆற்றுக்கு அப்புறம் ஸ்பெயின்.
குனியாமல் நுழைய முடியாது.
கழுதை நுழையும், சுமையை இறக்கினால்.
கட்டியவர்களே அதற்கு வைத்த பெயர்
துரோக வாசல்.
முற்றுகையில் எவனாவது ஒருவன்
காசுக்கோ பசிக்கோ இதைத் திறப்பான் என்று
சுண்ணாம்பு காயுமுன்பே தெரிந்திருக்கிறது.
தெரிந்தும் கட்டினார்கள்.

இரண்டு சாவியும் என் இடுப்பில்.
கித்தேரியா என்று கூப்பிடுவதற்கு முன்பே
சத்தத்தை வைத்துத் திரும்பிப் பார்ப்பார்கள்.

அறுபத்தாறில், ஆலிவ் உலுக்கும் மாதம்,
பெல்மீருவுக்குப் பட்டாளத்துக் கடிதம் வந்தது.
அங்கோலா என்று ஒரு சொல் இருந்தது அதில்.
அடுத்த தெரு சில்வெஸ்தரும் அந்தச் சொல்லுக்குள்தான் போனான்;
பெட்டியைத் திறக்கக் கூடாதென்று சொல்லி
ஆணி அறைந்தே கொடுத்தார்கள்.

அன்று மாலை கீலுக்கு எண்ணெய் விட்டேன்.
சூப்பில் விடக் கணக்குப் பார்க்கிற எண்ணெய்.
வழிகாட்டி இருட்டியபின் வந்தான்.
முகம் காட்டவில்லை,
முன்பணத்தை இரண்டு முறை எண்ணினான்.
மகனின் புகைப்படத்தை நெடுக்கே கிழித்து
ஒரு பாதியை அவன் சட்டைக்குள் செருகினேன்:
பிரான்ஸ் மண்ணை மிதித்ததும் அனுப்பு,
என்னிடம் உள்ள பாதியோடு பொருந்தினால்தான்
இந்த ஆளுக்கு மீதிக் கூலி.

குனிந்தான். குனிந்தும் நெற்றியை இடித்துக்கொண்டான்.
'உஷ்' என்றேன்.
ஏழரை வருடத்துக்கு
நான் அவனிடம் பேசிய கடைசிப் பேச்சு அது.

காலையில் காவலர் இருவர், பெரிய வாசல் வழியாக.
யார் திறந்தது?
பூட்டைப் பாருங்கள் என்றேன். பூட்டியிருந்தது.
மூத்தவன் பூட்டை ஆட்டிப் பார்த்தான், சுவரைத் தட்டிப் பார்த்தான்,
அத்திப்பழம் ஒன்றைப் பறித்துத் தின்னப் பார்த்தான்; காய்ந்திருந்தது.
இளையவன், மூக்கில் இன்னும் பரு ஆறாதவன்,
கீலில் விரலை வைத்தான்.
என்னைப் பார்த்தான்.
விரலைக் காற்சட்டையில் அழுத்தித் துடைத்தான்.
"துரு" என்றான் அதிகாரியிடம்.
அவன் பெயரைக்கூட நான் கேட்கவில்லை.

ஈஸ்டருக்கு முந்தின வாரம் ஓர் உறை.
அதில் இடது காது, அரை மூக்கு, ஒரு கண்.
மேசைமேல் வைத்து நகர்த்தி நகர்த்திச் சேர்த்தேன்.

வழிகாட்டி கூலிக்கு வந்தான்.
பத்து எஸ்குடோ குறைந்தது, சொல்லிவிட்டேன்.
மேசையைப் பார்த்தான்,
எண்ணாமல் பைக்குள் போட்டுக்கொண்டான்.