ஏழு சிரட்டை

குலசேகரம் மிருகாசுபத்திரியில்
தராசில் ஏற மாட்டேன் என்று நின்றான் சிரட்டை.
தூக்கிக்கொண்டு நான் ஏறினேன்.
இறக்கிவிட்டு நான் மட்டும் ஏறினேன்.
கழித்துப் பார்த்து டாக்டரம்மா சொன்னாள்:
"இருபத்தாறு. ஆறு கிலோ கூடுதலாக்கும்."

அந்த ஆறு கிலோவை எனக்குத் தெரியும்.
பத்து வருசத்து மரச்சீனி,
சாளைக்கறி வழித்த சட்டி,
கருவாட்டுத் தலை,
விடியுமுன் கட்டஞ்சாயாவில் முக்கிய ரஸ்க்கில்
எப்போதும் அவனுக்கென்று ஒரு பாதி.
எல்லாம் இந்தக் கை கொடுத்ததுதான்.

கார்த்திகை மழையில்
மரத்தடியில் கவிழ்த்து வைத்த சிரட்டைகளுக்கு நடுவே
இன்னொரு சிரட்டைபோலக் கிடந்த குட்டி.
நிமிர்த்தப் போனேன், நக்கியது.
அன்று போட்ட பெயர்.

இப்போது இடது கண்ணில்
ஆசிட் விட்ட பால் உறையத் தொடங்குவதுபோல
ஒரு வெளுப்பு.
நெற்றி விளக்கை அவன் பக்கம் திருப்பினால்
ஒரு கண் பச்சையாய் எரிகிறது,
மற்றது சும்மா இருக்கிறது.
நாலாம் தட்டு ஏறும்போது பின்னங்கால் இழுக்கிறது.

"அப்போ இனி கட்டிப் போட்டுரட்டா டாக்டரே?"
"கட்டினா மூட்டு பூட்டிக்கிடும்.
பைய நடத்துங்க. தினமும். கொஞ்சம்போல."

அது எனக்குப் புரிகிற பாஷை.
பேராசையில் கத்தி ஆழம் போனால்
தடியில் பட்டு, மரம் முழுக்க முடிச்சு.
வெட்டாமலே விட்டால் பால் மறந்துபோகும் பட்டை.
ஒருநாள் வெட்டு, ஒருநாள் ஓய்வு என்று
முப்பது வருசம் கொண்டுபோனேன் நானூறு மரத்தை.
நாயை மட்டும்
சட்டி வழிக்க விட்டிருக்கிறேன்.

ஆக, இப்போது இரண்டு தட்டோடு அவன் தோட்டம் முடிகிறது.
மேலே ஏறும்போது பால் வாளியைக் காவல் வைத்துவிட்டு
"இங்க இருடே" என்றால் இருக்கிறான்,
தன் வேலை அதுதான் என்பதுபோல.
சோறு பாதி, பூசணிக்காய் பாதி, உப்பில்லை.
வேகவைத்த எலும்பும் இல்லை.
முதல் வாரம் என்னைப் பார்த்த பார்வையில்
கூலி குறைத்த முதலாளி நான்.

பல்லுக்குத் துணி சுற்றிய விரல்.
வாயைத் திறந்து உள்ளே தேய்க்கிறேன்,
கிளாடிஸ் வாசலில் நின்று சொல்கிறாள்:
"இருபத்தெட்டு வருசமா குடித்தனம் நடத்துதேன்,
எனக்கு ஒரு பல்லு தேச்சு விட்டிருப்பியா, சவமே?"
எங்கள் இருவரில்
யாரைச் சவமே என்றாள், தெரியவில்லை.
சிரட்டை வாலாட்டினான்.

டாக்டரம்மா இன்னொன்றும் சொல்லியிருந்தாள்:
கண் போனாலும் மூக்குக்கு வேலை கொடுங்க,
மூக்கு ஓடுறவரை நாய் கிழடாகாது.

அதனால் சாயங்காலம் ஷீட் அடித்து முடித்து
ரோலரைக் கழுவிய பிறகு
முற்றத்தில் ஏழு சிரட்டை கவிழ்க்கிறேன்.
ஒன்றின் அடியில் ஒரு துண்டு முட்டை வெள்ளை.
மோந்து மோந்து போகிறான்,
மூன்றாவதில் நிற்பான், யோசிப்பான்,
ஐந்தாவதைக் காலால் தட்டுவான்.
கிடைத்ததும் ஒரு துள்ளல்.
பின்னங்கால் அப்போது இழுப்பதில்லை,
அல்லது எனக்குத் தெரிவதில்லை.

தை மாசத்தோடு மரம் விற்றாயிற்று.
"இனி கணக்குப் பாக்காம வெட்டு,
எங்க வேணும்னாலும் வெட்டு" என்கிறார் முதலாளி.
கத்தி இன்னமும் பழைய ஆழத்தில்தான் போகிறது.
அவர் கேட்டால் மழை என்று சொல்லலாம்.

நேற்று ஏழையும் கவிழ்த்துப் போட்டுவிட்டான் சிரட்டை.
ஒன்றிலும் இல்லை.
மறுபடி முதலிலிருந்து மோந்தான்.
"மூக்கும் போச்சுடே ஒனக்கு" என்று
நான் வாயைத் திறக்குமுன்
நேரே என்னிடம் வந்து
சட்டைப் பையில் மூக்கை வைத்தான்.

முட்டை அங்கேதான் இருந்தது.