ஈரப்பொறி

எலிக்கு வைப்பதும் பொறி,
ஓடுகிற இயந்திரமும் பொறி.
என் மேசையில் இரண்டும்
ஒரே ரப்பர் குழாயில் மாட்டியிருக்கின்றன.

டோல்கேட் டயர்க்கடைக்கு மேலே, இரண்டாம் மாடி.
கண்டெய்னர் லாரி போனால்
தராசில் கடைசி எண் நடுங்கும்.
சிக்னல் சிவப்பில் இருக்கும்போதே
எடை எடுத்துவிட வேண்டும்.

கண்ணாடிப் பொறியைக் குடுவைக்குள் இறக்குகிறேன்.
மணலியிலிருந்து தெர்மாகோல் பெட்டியில் வந்த உலர்பனி
ஆல்கஹாலில் விழுந்து சீறுகிறது,
தோசைக்கல்லில் தெளித்த தண்ணீர் மாதிரி.
தொட்டால் மட்டும் தோல் ஒட்டிக்கொள்ளும்.

பம்பை முதலில் சும்மா ஓட விடு,
வாயை மூடி, வெறும் வயிற்றில், இருபது நிமிடம்.
எண்ணெய் சூடேறட்டும்.
அப்புறம்தான் வால்வைத் திற.
இதை எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை.
சம்பளத்தில் பிடித்தார்கள், தெரிந்துகொண்டேன்.

போன ஐப்பசி, ஒரு சனிக்கிழமை.
பொறியில் பனி கழுத்துவரை ஏறியதைப் பார்த்தும்
திங்கட்கிழமை பார்த்துக்கொள்ளலாம் என்று
பையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டேன்.
ராத்திரி கரண்ட் போயிற்று, வந்தது, போயிற்று.
பனி உருகி, குழாய் வழியே நடந்து
பம்பின் வயிற்றுக்குள் இறங்கியிருக்கிறது.
திங்கட்கிழமை எண்ணெய்க் கண்ணாடியில்
பால் தூக்கலாக ஒரு டீ.

மண்ணடியிலிருந்து தஸ்தகீர் வந்தார்.
மூடியைக் கழற்றி, விரலை விட்டு, தேய்த்துப் பார்த்து,
“உன் பம்பு தண்ணி போட்டிருக்கும்மா” என்றார்.
“ஆனா நெசமாவே தண்ணி.”
நானும் சிரித்தேன்.
கருணாகர பாபு சிரிக்கவில்லை.
மூன்று தவணை, ஆயிரத்து நானூறு வீதம்.

அதிலிருந்து
நீல மணிகள் நிறைத்த குழாய் ஒன்றை
பம்புக்கு முன்னால் இரண்டாவது காவலாக நிறுத்தினேன்.
இந்தப் பக்கத்துக் காற்றுக்கு அது எந்த மூலைக்கு!
காசிமேட்டு ஈரம் என்னைவிட முன்னால் மாடியேறிவிடும்.
மதியச் சாப்பாட்டுக்குள் பாதி மணிகள் இளஞ்சிவப்பு.
நூற்றிருபது டிகிரியில் வறுத்தால் மறுபடி நீலம்.
எத்தனை தடவை வறுக்கலாம் என்று டப்பாவில் போடவில்லை.
நாற்பதுவரை எண்ணினேன்,
அப்புறம் விட்டுவிட்டேன்.

இன்றைக்கு எண்ணூர் முகத்துவாரத்துச் சேறு,
பதினோரு கிண்ணம்.
கேட்டவர்களுக்கு வேண்டியது காய்ந்த சேறு.
அதில் ஈயம் எவ்வளவு, பாதரசம் எவ்வளவு.
போன ஈரத்துக்குப் படிவத்தில் ஒரே ஒரு கட்டம்:
அறுபத்திரண்டு புள்ளி நான்கு சதவீதம்.

எட்டரை மணி.
பம்பின் வாயை மூடுகிறேன்.
பொறிப் பக்கம் மெதுவாகக் காற்றை விடுகிறேன்.
பம்பின் காற்றுத்திருகைத் திறந்து
இன்னும் அரைமணி ஓடட்டும் என்று விடுகிறேன்,
உள்ளே தங்கியதை அது இருமித் துப்பட்டும்.
எண்ணெய் இன்றைக்குத் தேன் நிறம்.

பொறியைத் தூக்கிக் குவளையில் நிறுத்தினால்
பனி, கண்ணாடியை விட்டு
‘டக்’கென்று ஒரு முறை விலகுகிறது.
பிறகு அவசரமே இல்லாமல் கரைகிறது.
நாற்பத்தாறு மில்லி.
தண்ணீர் மாதிரிதான் இருக்கிறது.
மேலே மட்டும்
மயில்கழுத்து நிறத்தில் ஒரு தோல்.

‘மோந்து பார்க்காதீர்கள்’ என்று
சுவரில் எழுதி ஒட்டியது நான்தான்.
மோந்து பார்க்கிறேன்.

மண்ணெண்ணெய்.
அதற்கடியில் இறால்.
அதற்கும் அடியில்
எங்கள் சந்துக் கைப்பம்பில்
விடியற்காலை நாலு மணிக்கு விழும் முதல் குடம்.

கழிவுக் கேனில் ஊற்ற வேண்டியது.
பழுப்புப் பாட்டிலில் ஊற்றி, தேதி போட்டு,
பெயருக்கான இடத்தில் ‘பொறி’ என்று எழுதுகிறேன்.
ஃபிரிட்ஜில், தஸ்தகீர் தந்த ரப்பர் வளையங்களுக்குப் பின்னால்,
ஏற்கெனவே எட்டு நிற்கின்றன.

கீழே சிக்னல் விழுந்து
லாரிகள் நிற்கின்றன.
பாட்டிலை எடை போடுகிறேன்.
யாரும் கேட்கவில்லை.