எவ்வளவு ஆச்சு

ஞாயிற்றுக்கிழமை, ஜனீனின் முடிதிருத்தும் கடை.
தலை அலசும் தொட்டிக்கு அடியில்
மல்லாந்து கிடக்கிறேன்.
கதவில் ‘மூடியிருக்கிறது’ அட்டை. வெளியே ஹல் நகரத்து மழை,
பெய்வதா வேண்டாமா என்று
காலையிலிருந்து யோசிக்கிற மழை.

கழிவுக் குழாயின் வளைவில்
எத்தனையோ வருடத்து முடி.
பொன்னிறம், சாயச் சிவப்பு, நரை,
எல்லாம் சோப்பில் ஊறி
ஒரே சாம்பல் பூனையாகிக் கையோடு வருகிறது.
அதற்குப் பின்னால் ஒரு நட்டு விரிசல் விட்டிருக்கிறது.
கசிவு அங்கேதான்.
இருபது நிமிட வேலை.
குழாய்கள் எனக்குத் தண்ணீர் பட்ட பாடு.

வெளியே நிற்பது கம்பெனி வேன் இல்லை.
டேரலின் பழைய கார்.
பின் இருக்கையில், கோரியின்
கால்பந்துக் காலணிச் சேற்றின் மேல்
என் பெட்டி வந்தது.

நேற்று இரவு மின்கட்டண உறையின் முதுகில்
நடுவே ஒரு கோடு போட்டேன்.
என்னுடையவை: நான்கு ரெஞ்ச், குழாய் வெட்டும் கத்தி,
முட்டிக்குக் கட்டும் உறை, பதினோரு வருடம்.
அவர்களுடையவை: வேன், ஏணி, பிரஸ் மெஷின்,
ஃபோன், ஃபோனுக்குள் இருக்கும் அத்தனை பெயர்களும்,
சம்பளத்தோடு வரும் காய்ச்சல்.
எந்தப் பக்கம் என்று தெரியாமல்
கோட்டின் மேலேயே எழுதிய ஒன்று:
இடது முட்டி.

பழைய வேன் ஒன்றுக்கு ஏழாயிரம் பவுண்டு கேட்கிறான்.
அப்புறம் காப்பீடு, வரி, கணக்கு எழுத ஓர் ஆள்,
பணம் தராதவனுக்கு எழுத வேண்டிய
மூன்றாவது கடிதம்.
பணம் தண்ணீராய்ப் போகும் என்றான் டேரல்.
தண்ணீர் எங்கே போகிறதென்று பார்ப்பதுதானே
என் தொழில் என்றேன்.
அவன் சிரிக்கவில்லை.
கேரவன் தொழிற்சாலையில் அவனுக்கு
இந்த மாதம் வாரம் மூன்று நாள்தான்.

சொந்தக் காலில் நில் என்கிறார்கள்.
நான் எப்போது நின்றேன்?
மண்டியிட்டுத்தான் இத்தனை வருடமும்
சம்பாதித்திருக்கிறேன்.

நட்டை மாற்றி, வாஷர் போட்டு,
தண்ணீரைத் திறந்துவிட்டு
இணைப்பைச் சுற்றிக் காகிதத்தால் ஒற்றுகிறேன்.
காகிதம் நனையவில்லை.
ஜனீன் பர்ஸைத் திறந்தபடி கேட்கிறாள்,
“எவ்வளவு ஆச்சு?”

என்னிடம் யாரும் இதைக் கேட்டதில்லை.
கம்பெனியில் அது மாடியறை லொரெய்னின் கேள்வி.
நான் கையெழுத்து வாங்குவேன், போய்விடுவேன்.
தொண்ணூற்றைந்து என்று அவள் அனுப்பும் பில்லில்
எனக்கு மணிக்குப் பதினேழு.
அது தெரிந்த நாளில் ஒன்றும் சொல்லவில்லை.
மதியச் சாப்பாட்டை மட்டும்
வேனின் கண்ணாடியை ஏற்றிவிட்டுச் சாப்பிட்டேன்.

சுவரில் ஜனீனின் விலைப்பலகை.
முடி வெட்ட இருபத்தெட்டு.
சாயம், அறுபத்தைந்து முதல்.
அந்த ‘முதல்’ என்ற சொல்லை
எவ்வளவு பெரிய எழுத்தில் எழுதியிருக்கிறாள்.

ஐம்பது என்று சொல்லத்தான் வாய் திறந்தேன்.
“பரவாயில்லை, ஒரு முப்பது கொடு” என்று வந்தது.
ஜனீன் எண்ணி முப்பது வைத்தாள்.
தயங்கவில்லை. பேரம் பேசவில்லை.
“டீ போடட்டுமா?” என்றாள்.

காரில் உட்கார்ந்து உறையைத் திருப்புகிறேன்.
நட்டும் வாஷரும் நாலரை.
பெட்ரோல் இரண்டு.
ஞாயிற்றுக்கிழமை, அதற்கு நேரே
ஒரு எண்ணும் எழுத வரவில்லை.

எழுபது, என்கிறேன் முன் கண்ணாடியைப் பார்த்து.
மன்னிப்புக் கேட்பதுபோல் இருக்கிறது.
எழுபது.
கம்பெனி ஃபோன் அதிர்கிறது:
நாளை ஏழரை, ஹெஸ்ஸல், பாய்லர்.
சரி என்று பதில் அனுப்புகிறேன்.

அப்புறம், கண்ணாடியை இறக்கிவிட்டு,
எழுபத்தைந்து முதல்.
பக்கத்துக் காருக்குள்ளிருந்து ஒரு நாய்
தலையைத் தூக்கிப் பார்த்தது.