ஏழு நிமிட அறிவிப்பு

புதன்கிழமை காலை ஏழரைக்கு
வானொலியில் எனக்கு ஏழு நிமிடம் தருகிறான் எர்வின்,
படகு நேரங்களுக்கும் இரங்கல் செய்திகளுக்கும் நடுவே.

சிலோயேவில் ஜூன் மாதம்.
மழை பெய்கிறது என்று யாரும் யாரிடமும் சொல்வதில்லை.
நின்றால்தான் சொல்வார்கள்.

வணக்கம், மருத்துவ நிலையத்திலிருந்து பேசுகிறேன்.
காய்ச்சல் மூன்று தீவுகளில் கரையேறிவிட்டது.
நீங்கள் வந்த அதே படகில்தான் வந்தது,
டிக்கெட் எடுக்காமல்.
அறுபது கடந்தவர்கள், பிள்ளை உண்டாகியிருப்பவர்கள்
வெள்ளிக்கிழமை வந்து ஊசி போட்டுக்கொள்ளுங்கள்.
கடல் சம்மதித்தால்.

இருமல் வந்தால் முழங்கை மடிப்பில் இருமுங்கள்.
மாத்தே குவளையை இந்த மாதம் மட்டும்
கைமாற்றாதீர்கள், ஆளுக்கொன்று வைத்துக்கொள்ளுங்கள்.
நான் இதைப் படிக்கையில்
எர்வின் தன் குவளையை
மெல்லத் தன் பக்கம் இழுத்துக்கொள்கிறான்.
ஒரே குழலில் இப்போதுதான் இருவரும் உறிஞ்சினோம்.

கரியடுப்பை மூடிய அறையில் வைத்துத் தூங்காதீர்கள்.
தலை கனத்து எழுந்தால் அது தூக்கக் கலக்கமல்ல.
ஜன்னலில் இரண்டு விரல் இடைவெளி விடுங்கள்.
குளிரும்.
குளிரட்டும்.

தெற்குக் கால்வாயில் சிப்பிக்குத் தடை நீடிக்கிறது.
வேகவைத்தாலும் போகாது அந்த விஷம்,
எலுமிச்சை பிழிந்தாலும் போகாது,
எங்கள் அப்பா தின்றார் ஒன்றும் ஆகவில்லை என்று
என்னிடம் வாதாடினாலும் போகாது.

இனிமேல்தான் பெயர்கள்.
கோபுரம் எட்டாத தீவுகளுக்கு
தொலைபேசி மணி போகாது, என் குரல்தான் போகும்.
இந்த இடத்தில் எல்லா வீட்டிலும்
சட்டியில் கரண்டி நின்றுவிடும் என்று எனக்குத் தெரியும்.

போன வருடம் ஒரு தப்புச் செய்தேன்.
பள்ளிக்கூடத்து மார்லெனேக்கு, பாவம் பயந்திருப்பாளே என்று,
"நல்ல செய்திதான், வாருங்கள்" என்று சொல்லிவிட்டேன்.
அடுத்து வாசித்த நான்கு பேருக்கு
"வாருங்கள்" மட்டும்.
அன்றிரவு அந்த நான்கு வீட்டிலும் யாரும் தூங்கவில்லை.
அவர்களில் ஒருவருக்கு
மூக்குக்கண்ணாடி வந்திருந்தது, அவ்வளவுதான்.

அதன்பிறகு "நல்ல" என்ற சொல்லை
கையுறையோடு சேர்த்து வாசலிலேயே கழற்றிவைத்துவிடுகிறேன்.

இன்று என் தாளில் ஏழு பெயர்.
ஆறு பேருக்குச் சர்க்கரை, ரத்த அழுத்தம், ஒரு தையல் பிரிப்பு.
ஏழாவது ரெமிஹியோ வென்தெலிக்கான்.
அவர் தனியே வரக்கூடாது.
துணையோடு வாருங்கள் என்று அவருக்கு மட்டும் சொன்னால்
படகு கிளம்புமுன்பே
நாற்பது வீட்டில் அவரைப் புதைத்துவிடுவார்கள்.

எனவே வாசித்தேன்:
எலிசெயோ பார்ரியா, துணைக்கு ஒருவரோடு வரவும்.
ஒதீலியா சோத்தோ, துணைக்கு ஒருவரோடு வரவும்.
தையல் பிரிக்க வேண்டிய பையனும்.
எல்லோரும்.
படகுத்துறைப் பலகை பாசி பிடித்து வழுக்குகிறது,
போன வாரம்கூட ஒருவர் விழுந்தார்.

யாரும் விழவில்லை.
எர்வின் என்னை நிமிர்ந்து பார்த்தான்,
ஒன்றும் கேட்காமல் இரங்கல் செய்திகளைப் பிரித்தான்.

வெள்ளிக்கிழமை கடல் சம்மதித்தது.
என் வரிசையில் அப்படி ஒரு கூட்டம் இருந்ததில்லை:
கொழுந்தியாக்கள், மருமகன்கள், கடன் கொடுத்தவர் ஒருவர்,
எதற்கு வந்தோமென்று தெரியாத இரட்டைப் பையன்கள்.
வந்தது வந்தீர்கள் என்று
பாதிப் பேருக்கு ஊசி போட்டுவிட்டேன்.

ரெமிஹியோ கடைசியாக வந்தார்.
கம்பளித் தொப்பியைக் கையில் பிடித்திருந்தார்.
பக்கத்தில் காது கிழிந்த கறுப்பு நாய்.

"துணையோடு வரச் சொன்னீர்களே" என்றார்.

நான் கோப்பை எடுத்தேன். மேசையில் வைத்தேன்.
நாய் சொட்டச் சொட்ட நனைந்திருந்தது.
அலமாரியிலிருந்து ஒரு துண்டை எடுத்து
முதலில் அதைத் துவட்டினேன்,
காதோரம், வயிறு, நான்கு கால்களும்,
அவசரமே இல்லாமல்.