நாளுக்கு ஓர் அடி

குழாயைத் திறந்துவிட்டுக் காத்திருக்க வேண்டும்.
உள்ளே தேங்கிய பழைய தண்ணீர் முதலில் போகட்டும்;
மண்ணுக்குள் இருப்பது மெதுவாகத்தான் வரும்.
இருபது நிமிடம். சிலசமயம் நாற்பது.
மாசசூசெட்ஸின் இந்தக் கடலோர மணலில்
கிணறு கிணறாகப் போய்க் காத்திருப்பதற்கு
எனக்குச் சம்பளம்.

அடெலினோ பரோஸ் வீட்டுக்குப் பின்னால்
கிரான்பெரி வயலில் தண்ணீர் கட்டியிருந்தார்கள். அக்டோபர்.
காற்று தள்ளிய பக்கம் பழங்கள் ஒதுங்கி
பாதி வயல் சிவப்பு, பாதி வானம்.
ரப்பர் பூட்ஸோடு வந்தவர்
என் குப்பிகளை எண்ணினார்.
பழுப்புக் கண்ணாடி எதற்கு?
வெளிச்சம் பட்டால் சிதைந்துவிடும், என்றேன்.
இருட்டில்?
இருட்டில் அப்படியே இருக்கும்.

நிறமில்லை, வாடையில்லை.
காய்ச்சினாலும் போகாது.
ஆர்.டி.எக்ஸ். என்று நான் சொன்னால்
கேட்பவர்கள் செய்தியில் வந்த காரையும் கட்டடத்தையும் நினைப்பார்கள்.
இவர் நினைக்கவில்லை.
"நூற்றைந்து மில்லிமீட்டர்" என்றார்,
முன்பு பக்கத்து வீட்டில் குடியிருந்தவர்
பெயரைச் சொல்வதுபோல.

அறுபத்தொன்பது கோடை. வயது பத்தொன்பது.
அந்தப் பைன் காட்டுக்கு அப்பால், பயிற்சித் திடலில்,
பீரங்கிக்குக் குண்டு ஊட்டும் வேலை, இரண்டு வாரம்.
எதிரி என்று ஒருவனும் இல்லை.
துருப்பிடித்த ஒரு லாரி இருந்தது. அதைச் சுட்டார்கள்.
மறுநாளும் அதையே.

ஒழுங்காக வெடித்த குண்டு மிச்சம் வைப்பதில்லை,
தன்னையே தின்று தீர்த்துவிடும்.
அரைகுறையாக வெடித்ததுதான் கேடு.
ஓடு பிளந்து, உள்ளே இருந்தது
கல்லுப்பாய்ச் சிதறிக் கிடக்கும்.
மழை வரும். பனி உருகும்.
வரும்போதெல்லாம் ஒரு நக்கு நக்கிக்கொண்டு
கீழே இறங்கும்.
களிமண் என்றால் கொஞ்சமாவது மறிக்கும்;
இது பனிப்பாறைகள் கொட்டிவிட்டுப் போன மணல்,
எதையும் பிடித்து வைத்துக்கொள்ளத் தெரியாதது.

கீழே போனபின் அவசரமே கிடையாது.
இங்கே நிலத்தடி நீர் நாளுக்கு ஓர் அடி நகரும்.
அடிமேல் அடி. ஞாயிற்றுக்கிழமையும்.
யார் கேட்டாலும் இதைச் சொல்வேன்.
அவ்வளவு மெதுவா, என்று ஆறுதலடைவார்கள்.

அவர் பேனா கேட்டார்.
என் படிவத்தின் ஓரத்திலேயே போட்டார் கணக்கை:
ஆண்டுக்கு முந்நூற்று அறுபத்தைந்து.
ஐம்பது ஆண்டு.
மூன்றரை மைல்.
லாரி நின்ற இடத்துக்கும் இந்த அடுப்படிக்கும் எவ்வளவு என்று
எழுதவில்லை. தபால்காரராக இருந்தவர்,
தூரம் காலுக்கே தெரியும்.

"அப்படியானால் நான் போட்டது
இப்போதுதான் வந்து சேர்கிறது."

உங்களுடையது என்று சொல்ல முடியாது, என்றேன்.
எத்தனையோ பேர் சுட்டார்கள், எல்லாம் கலந்துவிடும்,
ஆய்வுக்கூடத்துக்குப் பெயர் பிரிக்கத் தெரியாது.
சொன்னதெல்லாம் உண்மை.
சொல்லும்போது குப்பியின் மூடியைத்
திருகிக்கொண்டே இருந்தேன், அது எப்போதோ இறுகிவிட்டது.

"எட்டாவது குண்டு," என்றார். "சத்தம் சரியில்லை.
ஈர விறகு மாதிரிப் புகைந்தது.
நாங்கள் சிரித்தோம்."

உள்ளே இல்டா கச்சூப்பாவுக்குச்
சோளம் ஊற வைத்திருந்தாள்.
முடிவு வர எத்தனை நாள்?
மூன்று வாரம்.
சோளத்தின் மேல் ஒரு விரற்கடை நின்ற தண்ணீரை
மூவரும் பார்த்தோம்.
அதை வடித்துக் கொட்டினாள்.
கொட்டிவிட்டு, கை போன போக்கில்,
அதே குழாயைத் திறந்தாள்.

திரும்பும் வழியில் திடலின் வாசலைக் கடந்தேன்.
ஏழு நிமிடம்.
கோப்பையில் காபி இன்னும் சுட்டது.

நான்காவது வாரம் தொலைபேசியில் சொன்னேன்:
இருக்கிறது, ஆனால் வரம்புக்குக் கீழே.
குடிக்கலாம் என்றுதான் சட்டம்.
மறுமுனையில் பேனா கீறும் சத்தம்.
பிறகு அடெலினோ கேட்டார்:
"இந்தக் கொஞ்சம், அதன் தலையா, வாலா?
வந்துவிட்டுப் போகிறதா,
இல்லை, இப்போதுதான் வருகிறதா?"

படிவத்தைப் புரட்டினேன்.
ஓரத்தில் அவருடைய மூன்றரை மைல்
அப்படியே இருந்தது.